கம்பிக் கீறல் விழுந்த பள்ளிப் பை

இந்தப் பை யாருடையது என்று என் மகள் கேட்டாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. போன கிழமை அலுமாரியின் மேல்தட்டில் குளிர்கால உடுப்புகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது, பழைய தலையணை உறைக்குள் சுற்றி வைத்திருந்த பை நழுவி அவளுடைய காலடியில் விழுந்தது. இரண்டு வார்களால் முதுகில் மாட்டிக்கொள்ளும் சின்னத் தோல் பை. என்னிடம் வந்த புதிதில் பாலில்லாத தேநீரின் நிறத்தில் இருந்தது. மெழுகு பூசிப் பூசி இப்போது பனங்கட்டி நிறத்துக்கு வந்துவிட்டது. மூடியின் குறுக்கே ஒரு நீண்ட கீறல். மகள் அதன்மேல் சுட்டுவிரலை ஓட்டிப் பார்த்தாள்.

"ஆரோ போட்டுப் பழசாக்கின பையோ அம்மா?"

"இல்லை. ஒருத்தரும் போடேல்லை."

"அப்ப ஆரின்ர?"

நான் உடுப்பு மடித்தேன். ஓகஸ்டில் அவள் முதலாம் வகுப்புக்குப் போகிறாள். இந்த நாட்டில் அது ஒரு சின்னத் திருவிழா. கையில் இனிப்பு நிறைத்த பெரிய கூம்பும் முதுகில் புதுப் பையுமாகப் பிள்ளையை நிறுத்திப் படம் எடுப்பார்கள். பை பாரமில்லாமல் இருக்க வேண்டும், இருட்டில் மின்னும் பட்டிகள் இருக்க வேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். அப்படியிருந்தும் இன்னும் கடைக்குப் போகவில்லை.

இந்தப் பையைத் தைத்தவரை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவரும் நானும் ஹம் நகரில், ரயில் பாதைக்குப் பின்னால் இருந்த ஒரு சிறிய பைப் பட்டறையில் வேலை செய்தோம். நான் கலியாணம் முடித்து ஜெர்மனிக்கு வந்து இரண்டாவது வருடம். ஜெர்மன் ஓரளவுக்கு வாசிப்பேன் என்பதால் முடிந்த பைகளைச் சரிபார்க்கும் மேசையில் என்னை இருத்தினார் முதலாளி. "உனக்குப் பயம் அதிகம். பயந்தவர்கள்தான் நன்றாகச் சரிபார்ப்பார்கள்" என்றார். அது பாராட்டா இல்லையா என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். ஒரு பையை மூன்று தரம் பார்ப்பேன். பெட்டியை மூடிய பிறகு மறுபடி திறந்தும் பார்ப்பேன்.

பட்டறைச் சுவரில் தோல் மாதிரிகளை ஆணியடித்து வைத்திருந்தார்கள். இத்தாலியில் செஸ்ட்நட் மரச்சாற்றில் பதமிட்டது ஒன்று. இங்கிலாந்தில் குதிரைச் சேணத்துக்கென்று செய்த, மேலே மெழுகு வெள்ளையாகப் பூத்திருக்கும் தடித்த துண்டு ஒன்று. எங்களுக்கு வந்த தோல் தெற்கே ஓக் மரப்பட்டையை இடித்து ஊறவைத்த குழிகளில் ஒரு வருடத்துக்கு மேல் கிடந்து பதமானது. அதன் மணம் மழையில் நனைந்த விறகின் மணம். வெட்டிய ஓரத்தைப் பார்த்தால் மேலிருந்து அடிவரைக்கும் ஒரே நிறம் இருக்கும். இரசாயன உப்பில் போட்டு ஓரிரு நாளில் எடுத்த தோலென்றால், பெரும்பாலும் நடுவில் நீலச் சாம்பலாக ஒரு கோடு தெரியும். பெருவிரலால் அழுத்தினால் நல்ல தோல் கதிர்போலச் சுருக்கம் விரித்துப் பின் மெல்ல ஆறும். பூச்சுப் பூசியது ரப்பரைப்போலத் திரும்பிக்கொள்ளும். தையலிலும் கையை அறியலாம். ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையால் எதிரெதிராக இழுத்துத் தைப்பது கைத்தையல். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்றப் பக்கத்து நூல் பிடித்துக்கொள்ளும். இயந்திரத் தையல் ஓரிடத்தில் அறுந்தால் பிறகு கழன்றுகொண்டே போகும்.

எல்லாவற்றையும்விட முதலாளி திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்று. குறையே இல்லாத தோலைக் கண்டால் சந்தேகப்படு. மாடு வெளியில் மேய்கிறது. முள்ளுக்கம்பி கீறும், ஈ கடிக்கும், கழுத்துச் சுருங்கும். மலிவுக்குச் செய்கிறவர்கள் அவற்றையெல்லாம் தேய்த்தெடுத்து, நிறம் பூசி, மயிர்த்துளைகளை அச்சால் அழுத்திவிடுவார்கள். அந்தத் துளைகள் வரிசை தவறாமல் நிற்கும். அசல் தோலில் எதுவும் வரிசையில் நிற்காது.

அந்தக் குறைகளைக் கண்டுபிடிப்பதுதான் அக்காவின் வேலை. மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். முப்பதைத் தாண்டியவர். கழுத்தில் ஒரு சின்னச் சிலுவையைத் தவிர வேறு நகை இல்லை. எனக்கெதிரே, யன்னல் பக்கச் சாய்மேசையில் தோலை விரித்து, இரு பெருவிரலாலும் இழுத்து, வெளிச்சத்துக்குச் சரித்துப் பார்ப்பார். குறையைச் சுற்றி வெள்ளிப் பென்சிலால் கோடு போடுவார். வெட்டுகிறவர் அந்தக் கோட்டை விலத்தி வெட்டுவார். வேலை நடக்கும்போது வாயும் நடக்கும்.

"இஞ்ச பாரும் பிள்ளை. இவ கண்டுக்குட்டியா இருக்கேக்க வேலி பாஞ்சிருக்கிறா. ஆரைப் பாக்கப் போனாவோ."

"கண்டுக்குட்டி எண்டு எப்பிடி அக்கா தெரியும்?"

"காயம் அகண்டு, தட்டையாக் கிடக்கு. மாடு வளர வளர அதுவும் சேந்து இழுபட்டிருக்கு. வளந்தாப் பிறகு பட்டதெண்டால் ஒடுங்கி, உயந்து நிக்கும்." பிறகு சட்டைக் கையை முழங்கைவரை மடித்துக் காட்டினார். இடது முன்கையில், நீர் வழிந்ததுபோல, வெளிறிய பெரிய தழும்பு. "என்ரயைப் பாரும். ஆறு வயசில கூழ்ப்பானை கவிண்டது. அப்ப உள்ளங்கையளவுதான் இருந்ததாம். என்னோட சேந்து அதுவும் வளந்திட்டுது. சாப்பாடு நான் போட்டதுதானே."

நான் சிரித்தேன். அப்போது அது சிரிப்பாகத்தான் இருந்தது.

தோல் வேலை செய்கிறேன் என்று ஊரில் அம்மாவுக்கு நான் சொல்லவில்லை. பைக் கம்பனி என்று மட்டும் சொல்லியிருந்தேன். அப்படிச் சொன்னதற்குக் காரணம் நம் ஆட்களுக்கு விளங்கும். வீட்டுக்கு வந்தால் முழுகிய பிறகுதான் சாமிப்படத்துக்கு விளக்கேற்றுவேன். இது அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. "ஏன் பிள்ளை, உங்கட கோயில் மேளத்தை என்னத்தாலயாம் கட்டியிருக்கு? அதுக்குச் சாமி ஒண்டும் சொல்லுறேல்லையோ?" என்று பட்டறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். நான் கர்ப்பமாகி, தோல் மணத்துக்கு வயிறு குமட்டிய மாதங்களில், கைக்குட்டையில் இஞ்சியைத் தட்டி முடிந்து எனக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான்.

அக்காவுக்கு ஊரில் ஒரு மகள். நான் அக்காவைக் கண்டபோது அந்தப் பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்திருந்தது. அக்காவின் தங்கை வைத்து வளர்த்தாள். அக்காவின் கணவரை ஒரு காலை, தெருவில் வைத்து, முகத்தை மூடிக்கொண்டு வந்த ஆட்கள் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அக்கா ஒவ்வொரு இராணுவ முகாம் வாசலாகப் போய் இருந்தார். நாளைக்கு வா என்றார்கள். பிறகு, இனி வராதே என்றார்கள். அவர் சொன்ன கதை அவ்வளவுதான். அக்காவை இங்கே அகதியாக ஏற்றுக்கொண்டால் மகளைக் கூப்பிடலாம், இல்லாவிட்டால் முடியாது. முதல் விண்ணப்பம் தள்ளுபடியாகி, மேன்முறையீடு நீதிமன்றத்தில் இருந்தது. அந்த நம்பிக்கையில் அக்கா பையைத் தொடங்கினார். இஞ்சத்தைய பள்ளிக்கூடத்துக்குத் தோல் பையோடு போகட்டும் என்றார். வெட்டி மிஞ்சிய, கோடு போட்ட துண்டுகளை எடுத்துக்கொள்ள முதலாளி விட்டிருந்தார். மூடிக்கென்று அக்கா தேர்ந்தெடுத்தது முள்ளுக்கம்பிக் கீறல் குறுக்காக ஓடிய துண்டு. வேறு சுத்தமான துண்டும் இருந்ததே என்று கேட்டேன்.

"கீறல் இருந்தால்தான் பிள்ளை அசல். கடையில வாங்கினதில்லை, அம்மா செய்தது எண்டு அவளுக்கு விளங்கும்."

அந்த நாட்களில் நம் ஆட்களுக்கு அகதிக் கேஸ் எழுதிக் கொடுக்க ஒருவர் இருந்தார். ஊரில் படிப்பித்தவர். எல்லாரும் வாத்தியார் என்றே கூப்பிட்டார்கள். கடதாசிகளை அடுக்கி வைத்த தகரப் பெட்டியைப்போல ஒழுங்கான மனிதர். அவர் சொல்லிக்கொடுத்தபடி சொன்னவர்களில் சிலருக்கு வதிவிட அனுமதி கிடைத்துமிருந்தது. ஆகவே அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு ஞாயிறு, பூசை முடிந்து, அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு அவரிடம் போனார். வாத்தியார் எல்லாவற்றையும் கேட்டார்.

"உங்கட கேஸில எல்லாம் இருக்குது தங்கச்சி. அடையாளம்தான் இல்லை. வெறுங்கையோட போகேலாது. அவைக்குக் காட்ட ஒண்டு வேணும்."

அக்கா மேசையிலிருந்த கடிதங்களை எடுத்து அடுக்கினார். வாத்தியாரின் கண் அவருடைய முன்கையில் நின்றது.

"இதென்ன?"

"சின்னனில கூழ் ஊத்துப்பட்டது."

"கூழ் எண்டு அதில எழுதிக் கிடக்கே? முகாமில உங்களை மறிச்சு வைச்சுச் சுடுதண்ணி ஊத்தினவை எண்டு சொல்லுங்கோ. அவரைப் பிடிச்சது உண்மை. நீங்கள் தேடிப் போனது உண்மை. இது ஒண்டுதானே."

படியிறங்கும்போது நான் கேட்டேன். "டொக்டரிட்டை அனுப்பினால் தெரியாதோ அக்கா?"

"மாட்டுக்கு வாயில்லை, அதால தோலைப் பாக்கினம். எனக்கு வாய் இருக்கு. நான் சொல்லுறதைத்தான் எழுதுவினம்."

அதற்குமேல் நான் பேசவில்லை. பேசியிருக்க வேண்டுமா என்று இப்போதும் யோசிக்கிறேன். உள்ளதை உள்ளபடி சொல்லித் தோற்றவர்களையும் எனக்குத் தெரியும். ஒரு தாய் தன் பிள்ளையைக் கூப்பிடுவதற்கு எதைச் சொல்ல வேண்டும் என்று, வயிற்றில் பிள்ளையோடு நின்ற நான் எப்படிச் சொல்வது.

நீதிமன்றம் மருத்துவரிடம் அனுப்பத்தான் செய்தது. மொழிபெயர்க்க நான் கூடப் போனேன். பக்கத்து நகரத்தில் ஒரு பழைய கட்டடம். மருத்துவர் வயதானவர், மென்மையாகப் பேசினார். தொடலாமா என்று கேட்டுவிட்டுத்தான் அக்காவின் கையைப் பிடித்தார். கையை யன்னல் பக்கம் சரித்தார். இரண்டு பெருவிரலையும் தழும்பின் இரு கரையிலும் வைத்துத் தோலை மெல்ல இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார். நான் மருத்துவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா அவருடைய பெருவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இது எப்போது நடந்தது என்று மருத்துவர் கேட்டார். மூன்று வருடத்துக்கு முன் என்றார் அக்கா. மருத்துவர் அதே கேள்வியை இன்னும் மெதுவாகக் கேட்டார். கதவொன்றைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பதைப்போல இருந்தது. நான் மொழிபெயர்த்தேன். அக்கா அதே பதிலைச் சொன்னார். மருத்துவர் குறித்துக்கொண்டார். பிறகு, அக்காவின் மடித்த சட்டைக் கையை அவரே கீழே இறக்கிவிட்டார்.

திரும்பும் ரயிலில் அக்கா யன்னல் பக்கம் இருந்தார்.

"அவருக்குத் தெரிஞ்சிட்டுது."

"அவர் ஒண்டும் சொல்லேல்லையே அக்கா."

"நான் பாக்கிற மாதிரித்தான் பாத்தவர்." சட்டைக் கையின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு சொன்னார். "நாள் முழுக்க மாட்டுத் தோலைப் படிக்கிறன். என்ர தோலை ஒருத்தர் படிப்பார் எண்டு எனக்குப் புத்தியில ஓடேல்லைப் பாரும். எனக்கு ஓடேல்லை."

நான் அவருடைய கையைப் பிடித்தேன். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. "நடந்ததுக்கு என்ர உடம்பில ஒரு அடையாளமும் இல்லை பிள்ளை. நடக்காததுக்கு இருக்கு" என்றார். பயணச்சீட்டுப் பரிசோதகர் வந்தபோது இரண்டு சீட்டையும் நான்தான் எடுத்துக் காட்டினேன்.

தீர்ப்பை வழக்கறிஞர் பட்டறைக்குத் தொலைபேசியில் சொன்னார். என் மகள் பிறந்து, நான் விடுப்பில் இருந்த காலம். வழக்கறிஞர் அன்றைக்கு எடுப்பார் என்று அக்கா வரச்சொல்லி ஆள் அனுப்பியதால் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போயிருந்தேன். தொலைபேசியை நான் காதில் பிடித்திருந்தேன், அக்கா பக்கத்தில் நின்றார். தழும்பு சிறுவயதில் வந்தது, சொன்னபடி நடக்கவில்லை, ஆகவே அவர் சொன்ன எதையும் நம்ப முடியாது, மேன்முறையீடு தள்ளுபடி. இதை நான் தமிழில் சொன்னேன். அக்கா ஒன்றே ஒன்று கேட்கச் சொன்னார்.

"அவரைக் கொண்டுபோனதையும் நம்பேல்லையாமோ?"

நான் கேட்டேன். அதையும்தான் என்றார் வழக்கறிஞர். அந்தச் சொல்லை மொழிபெயர்க்க எனக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரியாது. குழந்தை அழுதது. அக்கா அவளைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டு, தோல் அடுக்கி வைத்திருந்த மூலைவரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்தார்.

அதன் பிறகும் அவர் பையைத் தைத்து முடித்தார். நான் அதை நினைக்காத கிழமை இல்லை. ஓரங்களை எலும்பால் தேய்த்துத் தேன்மெழுகு பூசி, நகம் பட்டாலும் பிசிர் எழாதபடி செய்திருந்தார். தையல் இரு பக்கமும் ஒரே சரிவு. சரிபார்க்கும் மேசையில் அதுபோல ஒரு பை என் கைக்கு வந்ததில்லை. கடைசியாக வார்களில் துளை போட்டார். ஏழு வயதுக்கு ஒரு துளை, எட்டுக்கு ஒன்று, வளர வளர இன்னும். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்து, பையை மேசையில் வைத்தார்.

"வைச்சிரும் பிள்ளை. இடைக்கிடை மெழுகு போடும். சும்மா கிடந்தால் வெடிச்சுப்போம்."

"எங்க அக்கா போறியள்?"

"வாறன்" என்றார். நம் ஊரில் போகிறவர்கள் எல்லாரும் சொல்கிற சொல்தான். தேநீர் குடித்தார். குழந்தையின் உள்ளங்காலைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்து, "இது முதல்தரத் தோல், ஒரு குறையும் இல்லை" என்று சிரித்தார்.

திங்கட்கிழமை அவருடைய இருக்கை வெறுமையாக இருந்தது, அவர் எங்கே என்று முதலாளி தொலைபேசியில் கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. தங்கியிருந்த அறையும் வெறுமையாக இருந்தது. பிரான்சுக்குப் போய்விட்டார் என்றார்கள். பொலிஸ் பிடித்துக் கொழும்புக்கு ஏற்றிவிட்டது என்றார்கள். லண்டனில் ஒரு கோயில் வாசலில் கண்டதாக ஒருவர் சொன்னார். அக்கா கத்தோலிக்கர் என்றேன். அப்படியென்றால் வேறு ஆளாக இருக்கும் என்றார். தங்கை இருந்த கிராமம் இடம்பெயர்ந்துவிட்டது. விசாரிக்கக் கூடிய இடமெல்லாம் விசாரித்தேன், அல்லது அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஓரிடம் இருந்திருக்குமோ என்று தோன்றாத நாள் இல்லை.

அக்காவின் மகள் உயிரோடிருந்தால் அவளுக்கு இப்போது பதின்மூன்று வயதாவது இருக்கும். நாளைக்கே வந்து கதவைத் தட்டினாலும் இந்தப் பை அவளுடைய முதுகுக்குக் காணாது. எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டுதான் ஒவ்வொரு பருவத்துக்கும் மெழுகு பூசுகிறேன்.

என் கணவர், பை என்றால் போடத்தான், பிள்ளைக்குப் போட்டுவிடு என்கிறார். மாடி வீட்டுத் தோழி, ஒருத்தருக்கென்று நேர்ந்ததை மற்றவருக்கு எடுக்கக்கூடாது, பிள்ளைக்கு ஆகாது என்கிறாள். எனக்கு அவளைப்போல நம்பிக்கையும் இல்லை, கணவரைப்போலத் துணிவும் இல்லை. தோல் பை பாரம், மகளின் முதுகு நோகுமோ என்று ஒரு பயம். மற்றப் பிள்ளைகளின் பளபளக்கும் பைகளுக்கு நடுவே கீறல் விழுந்த பையோடு இவள் கூனிக்குறுகி நிற்பாளோ என்று இன்னொரு பயம். அவையெல்லாம் சின்னப் பயங்கள். பெரிய பயம் வார்த் துளையில் இருக்கிறது. மரப்பட்டையில் பதமிட்ட தோல் எதையும் மறப்பதில்லை. கொளுவியை ஒரு துளையில் மாட்டி ஒரு நாள் சுமந்தாலே அந்த இடத்தில் மடிப்பு விழும். பிறகு எந்த மெழுகாலும் அதை எடுக்க ஏலாது. இப்போது அந்தத் துளைகள் எல்லாம் போட்ட அன்று இருந்தபடியே, மடிப்பில்லாமல் இருக்கின்றன. என் மகள் ஒரு நாள் போட்டால் முதல் துளை அவளுடையதாகிவிடும். போடாமல் வைத்தால், அக்கா சொன்னபடி, ஒரு நாள் வெடிக்கும். மூடி மடியும் இடத்தில் மெல்லிய வெடிப்பொன்று தொடங்கியிருப்பதை இந்த முறை கண்டேன். அல்லது அது என் கண்ணின் சந்தேகமோ தெரியவில்லை. மூன்று தரம் பார்த்துவிட்டேன்.

இன்று பின்னேரமும் மகள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கீறலின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு விரலை ஓட்டினாள். மாட்டுக்கு நொந்ததா என்று கேட்டாள். நொந்திருக்கும் என்றேன். அது ஒன்றுக்குத்தான் என்னிடம் பதில் இருந்தது. இதை வாசிக்கும் உங்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். யாரோ ஒருவருடைய பொருளைக் காத்துக்கொண்டு இருந்தவர்களும் இருப்பீர்கள். ஓகஸ்டுக்கு இன்னும் சில கிழமைகள் இருக்கின்றன. முதல் துளையில் வாரை மாட்டலாமா, மெழுகு பூசி மறுபடி மேலே வைக்கவா? தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.